சந்திரா என்கிற நெட்வொர்க்

இரண்டாயிரமாவது ஆண்டு தை மாதத்திலிருந்து அம்மையார்குப்பத்தில் செல்போன்களுக்கு டவர் கிடைத்தது சந்திராவின் தலைமுடியிலிருந்து. அதற்கு முன்பு அந்த நெசவாளர் ஊரில் செல்போன் வாங்கிய ஒன்றிரண்டு ஜவுளிக்காரர்கள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு திருத்தணிக்குப் பஸ் ஏறுவார்கள். மலைக்கோயில் கண்ணில் பட்டதும் இறங்கி, சாலையோரம் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார்கள். ஊருக்குள் அந்தக் கருவி மணி பார்க்கவும் பிள்ளைகள் பாம்பு விளையாட்டு விளையாடவும் மட்டும் பயன்பட்டது. சொந்தக்காரர்கள் கேட்டால், டவர் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று கல்யாணம் தட்டிப்போகிற பெண்ணைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிச் சமாளித்தார்கள்.

கீழ்த்திசை செல்லுலார் என்ற கம்பெனிக்குத் திருத்தணியில் ஒரு டவரும், திருப்பதி சாலையில் கனகம்மாசத்திரத்தில் ஒரு டவரும் இருந்தன. மேற்கே குன்றுகளுக்கு நடுவில் சிதறிக் கிடந்த நெசவு ஊர்களில் டவர் போட அதற்கு வக்கில்லை. வக்கில்லாதவர்களுக்கென்றே அந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. நம் டவர் இல்லாத இடத்தில் இன்னொரு கம்பெனியின் டவர் இருந்தால், அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நம் வாடிக்கையாளரை அவர்கள் டவரில் பேசவிடலாம். ரோமிங் என்று அதற்குப் பெயர். சொந்த அடுப்பைப் பற்றவைக்காமல் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிற ஏற்பாடுதான், ஆனால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை கெடாமல் நடக்கும். எந்தக் குன்றுக்குப் பின்னால் யாருடைய டவர் எட்டிப் பார்க்கிறது, யாரோடு கூட்டுச் சேரலாம் என்று பார்த்துவர கம்பெனி ஸ்கந்தகுமாரை வேலைக்கு வைத்திருந்தது. அவர் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் கிண்டிய குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்திலேயே கரண்டி பிடிக்காமல் தப்பித்த முதல் ஆள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், நெற்றி வியர்வையில் விபூதி கரைய, கையில் ஒரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் உத்தியோகம்.

அம்மையார்குப்பத்துக்கு அவர் வந்தது அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வீடு போய்ச் சேரத்தான். அன்று வெள்ளிக்கிழமை. தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டிருந்த நெசவுத் தெருவுக்குள் அவர் நுழைந்ததும் கையிலிருந்த போனில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து மேல்விளிம்பைத் தொட்டன. கம்பெனியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் சந்திரா என்று வந்தது. அப்படி ஒரு கம்பெனி இந்தியாவில் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கோடுகள் கூடுகிற பக்கமாக நடந்துபோய் ஒரு வீட்டு வாசலில் நின்றார். அங்கே ஒரு பெண் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முழங்காலைத் தொடும் முடியை விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். வேற்று ஆள் நிற்பதைப் பார்த்ததும் அவள் முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். போனில் ஒரே ஒரு கோடு மிஞ்சியது. ஸ்கந்தகுமார் தொழில் ஆர்வத்தில் தன்னை மறந்து, "அம்மா, கொஞ்சம் அவுத்து விடுங்களேன், ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்றார். உள்ளேயிருந்து தறிக் கோலோடு வெளியே வந்தவள் அவளுடைய நாத்தனார் மணியம்மை. அடுத்துக் கொஞ்ச நேரம் ஸ்கந்தகுமார் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்த முடி வேண்டுதல் முடி. சந்திராவின் கணவன் தீனதயாளன் நல்ல நெசவுக்காரன். தொண்ணூற்றெட்டில் வளைகுடா நாட்டில் ஒரு துணி மில்லுக்கு வேலைக்குப் போனான். போனவனிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் இல்லை. சந்திரா திருத்தணி மலையேறிக் கொடிமரத்தடியில் விழுந்து, அவர் குரல் என் காதில் விழட்டும், என் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. ஆள் பிழைத்திருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் கடிதத்தில் குரல் இல்லை என்பதால் முடி தலையிலேயே இருந்தது. சாமிக்கென்று நேர்ந்த முடியில் நுனியைக்கூட நறுக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அது அவள் தலையில் இருந்தாலும் அவளுடையது ஆகாது; தணிகை முருகன் சொத்து. ஆகவே அந்த முடியில் டவர் வந்ததற்கு அம்மையார்குப்பம் பெரிதாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. சாமி முடியில் என்ன வரும் என்ன வராது என்று நாம் யார் சொல்ல என்று விட்டுவிட்டு, எல்லோரும் போன் வாங்கினார்கள்.

கம்பெனியின் சென்னை ஆபீஸ் முதலில் ஸ்கந்தகுமாரை மெடிக்கல் லீவில் போகச் சொன்னது. பிறகு அந்த ஊரிலிருந்து போகும் அழைப்புகளைப் பார்த்துவிட்டு, ரோமிங் கூட்டாளிகள் வரிசையில் சந்திரா, அம்மையார்குப்பம் என்று சேர்த்துக்கொண்டது. அவள் கையெழுத்துப் போட்டாள். ஞாபகமாக ஒரு செல்போனை வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகரியிலிருந்து சேலை வாங்க வந்த தெலுங்குக்காரர்களின் போனிலும் அவள் பெயர் விழ ஆரம்பித்ததும் ஆந்திராக் கம்பெனி ஒன்றும் ஓடிவந்து ஒப்பந்தம் போட்டது. இந்தப் பக்கத்து மண் எந்த மாநிலத்துக்கு என்று ஒரு காலத்தில் அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முடி கொண்டையாக இருந்தால் டவர் அந்தத் தெருவோடு சரி. பின்னல் போட்டால் ஊர் முழுக்க எடுக்கும். விரித்துவிட்டால் ஆர்.கே. பேட்டை சந்தையும் அதற்கப்பால் எல்லையோரத்துத் தெலுங்கு ஊர்களும் சேர்ந்து பேசும். கட்டின பெண்டாட்டி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்பதால் இதில் ஒரு சிக்கல் வந்தது. நெசவாளர் சங்கத் தலைவர் பச்சையப்பன், ஊரே நைனா என்று கூப்பிடுகிற மனிதர், சங்கத்தைக் கூட்டி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். காய்கிற முடி விரித்த முடி ஆகாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அது காயும் வரை குற்றமில்லை. அன்றிலிருந்து சந்திராவின் முடி காய எடுத்துக்கொண்ட நேரம் வாரா வாரம் நீண்டுகொண்டே போனது. மாடியில் பந்தல் போட்டு, ராட்டையை மேலே ஏற்றிக்கொடுத்தார்கள். அவள் அங்கே உட்கார்ந்து நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுவாள். கீழே ஊர் பேசும்.

பேசினதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று சொல்லிவிட முடியாது. சென்னைக் கடைக்காரன் எந்தக் கலர் போகிறது என்று கேட்டுச் சொன்ன அன்றே தறியில் அந்தக் கலர் ஏறியது. இடையில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லிப் பிழைத்துவந்த தரகர்கள் வேறு தொழில் தேடிப் போனார்கள். நெசவுத் தெரு வீரபத்திரன் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போன மத்தியானத்தில், வேலூர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு போன் வந்து, அதே குரூப் ரத்தம் உள்ள நாலு பையன்களை வேனில் ஏற்றி அனுப்ப முடிந்தது. அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். அன்றைக்குச் சந்திராவுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, வேன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. அவள் போனால் டவரும் பஸ் ஏறிப் போய்விடும் என்று மாப்பிள்ளை வீட்டார் இங்கே வந்து தாலி கட்டிக்கொண்டு போனார்கள்.

ஊரில் போன் பேச முடியாத ஒரே ஆள் சந்திரா. எந்தப் போனை அவள் காதில் வைத்தாலும், அந்த நேரத்தில் ஊரில் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். நூல் விலை, ஜாதகப் பொருத்தம், மாமியார் மேல் குறை, ஆட்டுக்குக் கழிச்சல், யாரோ யாரிடமோ இழுத்து இழுத்துச் சொல்லும் பொய் என்று எல்லாம் கலந்து சந்தை இரைச்சலாக வரும். வந்ததில் காதில் தங்கியதை அவள் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. ஒரே ஒருமுறை மட்டும் ஊரைவிட்டு, மணியம்மையைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் முயன்று பார்த்தாள். அங்கே தாலுகா ஆபீசும் லாட்ஜும் தேங்காய் மண்டியும் அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பாதியில் வைத்துவிட்டு, அழுகையை முந்தானையால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இதனால் தீனதயாளன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கையின் போனுக்குத்தான் பேசினான். அவன் சொல்வதை மணியம்மை சொல்வாள். "நல்லா கீறானாம் அண்ணி. சாப்டியான்னு கேக்கறான்." அதற்கு மேல் ஒரு அண்ணன் தங்கை வாயால் பெண்டாட்டிக்கு என்னதான் சொல்லியனுப்ப முடியும். இரண்டாம் வருஷத்தோடு கடிதமும் நின்றுபோனது. போன் வந்த பிறகு கடிதம் எதற்கு என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். லீவுக்கு வருவானா என்றால் அடுத்த வருஷம் என்பான். சந்திரா ஏன் பேசுவதில்லை என்று அவன் கேட்கும்போதெல்லாம் மணியம்மை, வேலையாக இருக்கிறாள், வெட்கப்படுகிறாள் என்று ஏதாவது சொல்லி வைத்தாள். ஒருமுறை உண்மையையே சொன்னாள். உன் பெண்டாட்டிதான் எங்களுக்கு டவர், அதனால் அவளுக்குக் கேட்காது என்று. அவன் சிரித்துவிட்டு, கோபமாக இருக்கிறாள் என்று நேராகச் சொல்லேன் என்றான்.

இரண்டாயிரத்து மூன்று வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் குரல் வழக்கம்போல இல்லை. "ஒங்கண்ணிகிட்ட குடு. பேச வேணாம். கேட்டுக்கினா போதும்னு சொல்லு" என்றான். மணியம்மை தயங்கிப் போனை நீட்டினாள். சந்திரா காதில் வைத்தாள். ஊர் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் எங்கோ அவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. எது அவன் குரல் என்று பிரிக்க முடியவில்லை. வைத்துவிட்டால் கோபம் என்று நினைப்பானே என்ற பயத்தில் அவள், "ஆங்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது போல இருக்க, மறுபடி "ஆங்" என்றாள். போன் நின்றது. அடுத்த வாரம் தீனதயாளன் தங்கையிடம், "அவ ஆங்னு சொல்ட்டா, எனக்கு அது போதும். அதும்படி செய்யறேன்" என்றான். என்ன கேட்டாய் என்று மணியம்மை துருவியதற்கு, "அது எனக்கும் அவளுக்கும். ஒன்கிட்ட சொன்னா தெருவுக்கே தெரியும்" என்று முடித்துக்கொண்டான். அது உண்மையும்கூட.

ஆக, சந்திரா எதற்கோ சம்மதம் சொல்லியிருந்தாள். எதற்கு என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருப்பான் என்றது ஒரு கட்சி. வெளிநாடு போன ஆம்பிளை பெண்டாட்டியிடம் தனியாகச் சம்மதம் கேட்கிறான் என்றால் அது ஒன்றுக்காகத்தான் இருக்கும், அங்கே ஒருத்தியைப் பார்த்துவிட்டான் என்றார்கள் தண்ணீர்க் குழாயடியில். அது டவரில் ஏறாமலேயே சந்திராவின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் ராட்டையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனாள். இந்த ஆடிக்கிருத்திகைக்கு முடி கொடுக்கப் போகிறேன் என்று மணியம்மையிடம் சொன்னாள்.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். பச்சையப்ப நைனா கெட்ட மனிதர் இல்லை. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், அப்படி நினைக்கிறவர்களுக்கு வரும் வியாதி அவருக்கும் இருந்தது, அவ்வளவுதான். "ஆடித் தள்ளுபடிக்கு ஆர்டர் குவிஞ்சி கெடக்குது. அது முடிஞ்சா தீபாவளி. கொஞ்சம் பொறுத்துப் போலாமே தாயி" என்றார். அவள் அசையவில்லை என்றதும் சாஸ்திரத்தில் இறங்கினார். "நீ இன்னா வேண்டினே? கொரல் காதுல வுழுந்தா முடி தர்றேன்னு. வுழுந்துச்சா? வுழல. வுழாமயே குடுத்தா சாமிய அவசரப்படுத்தற மாதிரி ஆவாதா?" கூட்டம் தலையாட்டியது. முடி இருக்கும்வரை குரல் கேட்காது. குரல் கேட்கும்வரை முடியைக் கொடுக்கக் கூடாது. இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு ஊர் நிம்மதியாகப் போன் பேசிக்கொண்டிருக்க நினைத்தது. சந்திராவுக்கும் அது நியாயமாகப் பட்டதுதான் கொடுமை.

அந்தக் கூட்டத்துக்கு ஸ்கந்தகுமாரைக் கம்பெனியே அனுப்பியிருந்தது. கிராமத்துக்கெல்லாம் போய்விட்டோம் என்று அவர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுத்து மை காயவில்லை. வரைபடத்தில் அம்மையார்குப்பத்தைச் சுற்றிப் போட்ட வட்டம் மறைந்தால் ஸ்கந்தகுமாரின் உத்தியோக உயர்வும் கூடவே மறையும். இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கும்படி அந்த அம்மாவைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருந்தார். எழுந்து நின்றவர் வாயிலிருந்து வந்தது வேறு. "எங்க மடப்பள்ளில பொங்கல் எறக்கினா மொதல்ல சுவாமிக்குத்தான் காட்டுவா. உப்பு இருக்கா, இனிப்பு இருக்கான்னு யாரும் வாயில போட்டுப் பாத்துட்டு நைவேத்யம் பண்றதில்லை. அப்படிப் பாத்தா அது எச்சில். மொதல்ல அவனுக்கு. அப்பறம்தான் நமக்குப் பிரசாதம்." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டது அவருக்கே பிறகுதான் உறைத்திருக்கும். மடப்பள்ளியை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் ரத்தம் எங்கே போகும். சந்திரா எழுந்தாள். "நைனா, கேட்டுட்டுக் குடுத்தா அது யாவாரம். நான் குடுத்துட்டுக் கேக்கறேன்" என்றாள்.

பச்சையப்ப நைனா இரண்டு நாள் சங்கத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள், மலைக்குப் போக வேனை அவரே பேசி வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். தகவலைப் போனில் சொல்லாமல் ஆள் அனுப்பிச் சொன்னதில் கொஞ்சம் கோபம் மீதி இருந்தது தெரிந்தது. ஆடிக்கிருத்திகையன்று புஷ்பக் காவடிகளுக்கும் அரோகராச் சத்தத்துக்கும் நடுவில் நெசவுத் தெருவே மலையேறியது. முடி இறக்கும் மண்டபத்தில் சந்திரா ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். நாவிதர் உச்சியில் கத்தியை வைத்தார். கூட வந்தவர்கள் சொல்லிவைத்தது போலத் தங்கள் போன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலையில் கம்பெனி டவர் கூப்பிடுதூரத்தில் இருந்தும், அதுவரை எல்லாப் போனிலும் அவள் பெயர்தான் இருந்தது. இடப்பக்கம் வழித்ததும் கோடுகள் பாதியாயின. வலப்பக்கம் முடிந்ததும் பெயர் மறைந்து, கம்பெனியின் பெயர் வந்தது. வீரபத்திரன் மகள், அன்று வேலூரில் பிழைத்தவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

முடி எங்கே போனதோ டவரும் அங்கே போனது. அதைக் கட்டி வைத்திருந்த கோயில் கிடங்கில்தான் சில நாள் திருத்தணியிலேயே மிக நல்ல டவர் கிடைத்தது. காவல்காரர் தன் சொந்தபந்தம் எல்லோரோடும் பேசித் தீர்த்தார். ஏலம் போனதும் அது லாரியில் ஏறியது. ஆந்திராவில் ஒரு பாலைவனம் மாதிரியான சாலையில் பஞ்சர் ஆகி நின்ற ஒரு பஸ்ஸின் பயணிகள், அந்த லாரி கடந்துபோன நேரத்தில் உதவிக்குப் போன் செய்ய முடிந்ததாக விசாரித்ததில் தெரிந்தது. அதன் பிறகு அது கப்பலேறிய நாட்டிலிருந்து தகவல் இல்லை. அங்கேயும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

முடி கொடுத்த அன்று சாயங்காலம் மலைமேல் கூட்டம் வடிந்த பிறகு, மதில் ஓரமாகச் சந்திரா தலையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பெனி கொடுத்த அந்தப் போன் இருந்தது; மூன்று வருஷமாக சாமி படத்தின் முன்னால் பெட்டியோடு இருந்ததை ஸ்கந்தகுமார் உயிர்ப்பித்துக் கொடுத்திருந்தார். அதன் எண்ணை முந்தைய வெள்ளியன்றே மணியம்மை அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள். போன் அடித்தது. மணியம்மை தானாகவே எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டாள். அவள் வாழ்நாளில் ஒரு பேச்சிலிருந்து விலகிப் போனது அன்றைக்குத்தான். சந்திரா போனைக் காதில் வைத்தாள். முதலில் அவள் கேட்டது, வேறு யாரும் இல்லை என்பதை. நூல் விலை இல்லை, ஜாதகம் இல்லை, ஆட்டுக் கழிச்சல் இல்லை. தூரத்தில் ஏதோ மிஷின் ஓடும் சத்தம். அப்புறம், கொஞ்சம் தடித்துப்போயிருந்தாலும் சந்தேகமே இல்லாத அந்தக் குரல், "சந்திரா" என்றது.

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "பாவா, அன்னிக்கி நீ இன்னா கேட்டே?" என்றாள்.

"நீதான் ஆங்னியே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல பாவா. ஊரே பேசிச்சி, நீ பேசினது மட்டும் கேக்கல. வெச்சிட்டா கோவம்னு நெனச்சிக்குவியோன்னு ஆங்னேன். இப்ப கேக்குது. மறுபடியும் கேளு."

அந்தப் பக்கத்தில் மிஷின் சத்தம் விலகியது; அவன் தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும். "எனக்கு வலது கையில மூணு வெரலு இல்ல சந்திரா. வந்த ரெண்டாம் வருசமே மிஷின்ல போயிட்ச்சி. இங்க தரை கூட்டிக்கினு கெடக்கறேன். அதான் கடுதாசி எழுதல, அதான் வரல. தறியில உக்காந்தா இனிமே நாடா இழுக்க முடியாது. ஊரு சிரிக்கும். இப்பிடியே வரட்டுமான்னு கேட்டேன்."

அவள் தலையில் கைவைத்துப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயடியில் பேசியதெல்லாம் ஒரு மாதமாக நெஞ்சில் கட்டியாக இருந்தது. அது கரைந்து, அந்த இடத்தில் அவன் கை வந்து உட்கார்ந்தது. எத்தனை வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தான் என்று நினைத்து அவளுக்கு அவன்மேல் நிஜமாகவே கோபம் வந்தது, முதல்முறையாக.

"ஆங்," என்றாள். "நானும் மொட்டையாத்தான் கீறேன். வா."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது அவர்கள் சமாச்சாரம். மலைக்கு விளக்குப் போட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேன் டிரைவர் ஹார்ன் அடிக்கப் போனபோது பச்சையப்ப நைனா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, போய் டீ குடித்துவிட்டு வா என்றார். அம்மையார்குப்பத்தில் அந்த மழைக்காலம் முழுவதும் போன்கள் வாயடைத்துக் கிடந்தன. ஜவுளிக்காரர்கள் மறுபடி திருத்தணி பஸ்ஸைப் பிடித்தார்கள். யாராவது குறைப்பட்டுக்கொண்டால், சந்திரா முடி குடுத்திருக்குது என்று சொன்னால் போதும், கேட்டவர் அடங்கிவிடுவார். ஸ்கந்தகுமாரின் வேலை போகவில்லை. உத்தியோக உயர்வு போனது. தீனதயாளன் கார்த்திகையில் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் முடி விரலளவு வளர்ந்திருந்தது. தெருமுனை வரை ஒரு கோடு எடுத்தது. மணியம்மை போனில் கூப்பிட்டு, எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்டிருக்கலாம். அதற்குள் அவன் நடந்தே வந்துவிட்டான்.

சாமிக்குக் கொடுத்த பிறகு முளைக்கிற முடி வெறும் முடிதானே, அதில் டவர் வராது என்று ஊர் நினைத்தது. வந்தது. அதைப் பற்றியும் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. இப்போது சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் நிஜமான டவர் ஒன்று நிற்கிறது; கரண்ட் போனால் அதுவும் படுத்துக்கொள்ளும், அப்போது போன்களில் அவள் பெயர் வரும். அவள் முடி இடுப்பைத் தாண்டிவிட்டதால், போனைக் காதில் வைத்தால் பழையபடி ஊர் இரைச்சல்தான் கேட்கிறது. அவளுக்குப் போன் வந்தால் தீனதயாளன்தான் மிச்சமிருக்கும் இரண்டு விரலில் அதை இடுக்கித் தன் காதில் வைத்துக்கொள்கிறான். ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொல்கிறான். அவன் சொல்வது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது.